நூலகத்தில் மிஞ்சிப்போன சிடி, டிவிடி, கேசட் டப்பாக்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன நூலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். புத்தகங்களோடு ஒரு காலத்தில் சிடி, டிவிடி, ஆடியோ கேசட் எல்லாம் இரவல் கொடுத்தோம். இப்போது அவற்றைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். இருந்தாலும் கழித்துவிட எனக்கு மனமில்லை. கடலூர்ப் பக்கத்து மேடைப்பேச்சுகள், பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாட்டுகள் என்று வேறெங்கும் கிடைக்காதவை சில அதில் இருக்கின்றன.

அதனால் இந்தக் கோடை விடுமுறையில் சிடி, டிவிடி அத்தனையையும் டப்பாவிலிருந்து எடுத்து, துணி உறை வைத்த ஜிப் ஆல்பங்களுக்கு மாற்றிவிட்டோம். டப்பாவின் முன்னும் பின்னும் இருந்த அச்சுத் தாள்களையும் அந்தந்த சிடியோடேயே வைத்தாயிற்று. யார் பேசியது, எந்த ஆண்டு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அந்தத் தாளில்தானே இருக்கிறது. இரண்டு பீரோ நிறைய இருந்தது ஒரே அலமாரித் தட்டுக்குள் அடங்கிவிட்டது. பெரிய நிம்மதி.

சிக்கல் என்னவென்றால் காலி டப்பாக்கள். குழந்தைகள் பகுதியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறேன். கமிட்டிக் கூட்டத்தில் "தூக்கிப் போட்டுட்டு அங்கே ரெண்டு மேசை போடுங்கம்மா" என்கிறார்கள். மேசை எனக்கும் வேண்டும். ஆனால் தூக்கிப் போட்டால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தெருக்கோடியில் உள்ள காலி மனையில் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது குப்பைக்குத் தீ வைக்கிறார்கள். அந்தப் புகை நேராக எங்கள் படிக்கும் அறைக்குள்தான் வரும். ஆஸ்துமா இருக்கிற பெரியவர் ஒருவர் அந்த நாளில் பேப்பர் படிக்க வருவதே இல்லை. எங்கள் நூலக முத்திரை குத்திய டப்பா அந்தத் தீயில் எரியக்கூடாது. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கணினிப் புத்தகங்களோடும் மாத இதழ்களோடும் வந்த சிடிகளின் கண்ணாடி போன்ற டப்பாக்கள்தான் அதிகம். அடுத்தபடியாகக் கறுப்பு டிவிடி பெட்டிகள். ஆடியோ கேசட் டப்பாக்கள் ஓரளவு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்த ஓர் ஆசிரியர் தன் பாடக் கேசட்டுகளை எங்களுக்குக் கொடுத்தார். புத்தகம் போலத் திறக்கிற தடித்த பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஆறு ஆறு கேசட்டாக இருந்தன. அந்த ஆல்பங்களும் சும்மா கிடக்கின்றன. வெற்று சிடிகளை மொத்தமாக வாங்கும்போது வருமே, நடுவில் தண்டு வைத்த உருளை டப்பா, அதிலும் சில. புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த மெல்லிய சிடி உறைகளையும் பிய்த்து ஒரு பையில் போட்டிருக்கிறேன்.

தேடிப் பார்த்தால் போட்டோ பிரேம், சுவர் அலங்காரம், கோஸ்டர் என்றுதான் வருகிறது. அழகாகவே இருக்கின்றன. ஆனால் எங்களிடம் இருப்பது ஓர் அறை நிறையப் பெட்டிகள். வீட்டுக்கு ஒரு பிரேம் செய்து கொடுத்தால் அடுத்த போகிக்கு அதுவும் குப்பைக்குத்தான் வரும். தினசரி கைபடுகிற மாதிரி, வருடக்கணக்கில் உழைக்கிற மாதிரி யோசனைகள் வேண்டும். சனிக்கிழமைகளில் குழந்தைகள் வருகிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆசை. ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கக்கூடாது. கடற்காற்று அடிக்கிற ஊர் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

---

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி)

அக்கா, சிடி டப்பாவை வைத்து நான் ஐந்தாம் வகுப்புக்கு வருடா வருடம் செய்வது ஒன்று இருக்கிறது. உங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

டப்பாவைத் திறந்து, சிடி உட்காரும் நடுத்தட்டை நெம்பி எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. டப்பாவைப் படுக்க வைத்து, அடிப்பகுதியில் முக்கால் உயரத்துக்கு ஈர மண்ணைப் பரப்புங்கள். நம் ஊர் செம்மண்ணோடு கொஞ்சம் தென்னைநார்க் கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். மண்ணின் மேல்விளிம்பை ஒட்டி நாலைந்து பச்சைப்பயறு அல்லது காராமணியை இடைவெளி விட்டு வையுங்கள். முந்தின இரவே ஊறப்போட்டதாக இருக்கட்டும். மூடி, சுற்றிலும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, கீல் இருக்கிற பக்கம் கீழே வருமாறு நிமிர்த்தி நிறுத்துங்கள். தண்ணீர் கசியும், அதனால் ஒரு தட்டில் வைப்பது நல்லது. செடி மேலே வர வழி வேண்டும் என்று சில டீச்சர்கள் மேல்பக்கம் ஓட்டை போடுவார்கள். தேவையில்லை. மூடியை முழுக்க அழுத்தாமல் விட்டாலே தளிர் இடுக்கு வழியாக வந்துவிடும்.

இரண்டு பக்கமும் கறுப்புத் தாளைச் செருகி வைத்து, பார்க்கும்போது மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வேருக்கு வெளிச்சம் ஆகாது. இரண்டாம் நாள் வேர்முனை எட்டிப் பார்க்கும். நான்காம் நாளுக்குள் வேர் நேர்க்கோடாக இறங்கியிருக்கும், அதில் வெள்ளை மயிர் போல வேர்த்தூவிகள் தெரியும். பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவால் டப்பாவின் மீதே தினமும் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவார்கள்.

இதற்கப்புறம்தான் விஷயமே. ஐந்தாம் நாள் டப்பாவை அப்படியே பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். கீழே போய்க்கொண்டிருந்த வேர் இப்போது கிடைமட்டமாக இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் நுனி மட்டும் வளைந்து மறுபடியும் பூமியை நோக்கித் திரும்பியிருக்கும். தண்டு எதிர்த்திசையில் மேலே வளைந்திருக்கும். பாடப்புத்தகத்தில் படம் பார்த்து மனப்பாடம் செய்கிற பிள்ளை அன்றைக்குத் தானாகக் கேள்வி கேட்கும். கண்ணாடித் தொட்டி வாங்க எந்த அரசுப் பள்ளியிடம் காசு இருக்கிறது? இந்த டப்பா அந்த வேலையைச் செய்கிறது. முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

இன்னொன்று சின்னது. மூடிக்குள் புள்ளிக் கோடுகளால் "அ" எழுதிய தாளை வைத்துவிட்டால் மூடியே சிலேட்டு. ஒயிட்போர்டு மார்க்கரால் மேலே எழுதி, பழைய பனியன் துணியால் துடைக்கலாம். தாளை மாற்றினால் எழுத்து மாறும். கோலப் புள்ளி வைத்த தாளும் வைக்கலாம்.

---

ஓ.டி. கேசட்காரர் (கடலூர் முதுநகர்)

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்து எழுதுகிறேன். முதுநகரில் நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டுக்கொண்டு பதிந்து கொடுப்போம். அப்புறம் சிடி, அப்புறம் டிவிடி. ஆக இந்த டப்பாக்களோடு என் பாதி ஆயுசு போயிருக்கிறது.

என் எண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியை வெட்டாதீர்கள். மூடித் திறக்கிற ஒரு பொருள், கீல் வேலை செய்கிறது, எழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. அதை வெட்டி ஒட்டிப் பூச்சாடி ஆக்கினால் ஒரு நல்ல பெட்டி போய் ஒரு சுமாரான பூச்சாடி வருகிறது. பெட்டியைப் பெட்டியாகவே வேலை வாங்க வேண்டும். அதிலும் உங்கள் நூலகத்துக்குள்ளேயே அந்த வேலை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து நிறைய இருக்கிறது.

கறுப்பு டிவிடி பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கீழே போட்டாலும் உடையாது, கீலை எத்தனை தடவை மடக்கினாலும் வெண்கோடு விழுமே தவிர அறாது. உயரம் 19 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட ஒரு நாவல் உயரம். முதுகு 1.4 செ.மீ. கனம். புத்தகங்களுக்கு நடுவே தானாக நிற்கும். இதை எந்தத் தட்டில் எந்தத் துறைப் புத்தகம் என்று சொல்கிற அலமாரிக் காட்டியாக வையுங்கள். வெளியே ஒட்டியிருக்கிற கண்ணாடி உறைக்குள் புதுத் தாள் போக வேண்டும். ஏ4 தாளைப் படுக்க வைத்து 27.3 செ.மீ. அகலமும் 18.3 செ.மீ. உயரமுமாக வெட்டுங்கள். இடப்பக்கம் 12.95, நடுவில் 1.4, வலப்பக்கம் 12.95. நடுப்பட்டையில் "கவிதை", "கடலூர் வரலாறு", "சமையல்", "போட்டித் தேர்வு" என்று தடித்த எழுத்தில் மேலிருந்து கீழாக வரட்டும். மஞ்சள், சிவப்புத் தாளாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

பெட்டிக்குள்ளும் வேலை இருக்கிறது. இடது உள்பக்கத்தில் சின்னப் புத்தகம் செருக இரண்டு மூன்று கொக்கி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த அலமாரித் தட்டில் என்னென்ன புத்தகம் என்ற பட்டியலை மடித்து அதில் செருகுங்கள். வலப்பக்கம் காலித் துண்டுச் சீட்டுகள். படிக்கிறவர் பெட்டியை எடுத்துத் திறந்து, "இந்தப் பகுதியில் இந்தப் புத்தகம் வாங்குங்கள்" என்று எழுதி உள்ளேயே போட்டுவிடலாம். அலுவலக மேசைக்கு வந்து கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் இதில் எழுதும்.

விலை உயர்ந்த புத்தகத்தை உள்ளே பூட்டி வைத்திருந்தால் அதன் இடத்தில் இந்தப் பெட்டி நிற்கட்டும். முன்பக்கத்தில் அட்டைப் படத்தின் நகல், "மேசையில் கேட்டு வாங்கவும்" என்று ஒரு வரி. டிவிடி இரவல் கொடுத்த காலத்தில் நாங்கள் காலிப் பெட்டியை வெளியே வைத்து சிடியைக் கவுன்டருக்குள் வைத்திருப்போமே, அதே முறைதான்.

அடுத்தது, விளையாட்டுப் பெட்டி. டிவிடியைப் பிடிக்கிற நடுக்குமிழைக் கட்டிங் பிளேயரால் பல் பல்லாகக் கடித்து எடுத்துவிட்டு, மேட்டை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே சமதளம். சொல் அட்டைகள், தாயக்கட்டை, மடித்த பரமபத அட்டை, ஒரு சின்ன உருப்பெருக்கி என்று அடங்குகிற எதையும் வைத்து, புத்தகம் மாதிரியே பதிவேட்டில் ஏற்றி இரவல் கொடுக்கலாம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கண்ணாடி உறையில் எழுதி வைத்தால், திரும்பி வரும்போது சரிபார்க்க அரை நிமிடம். குமிழை வெட்டுவது மட்டும் பெரியவர்கள் வேலை.

மிச்சம் இருந்தால் தேவனாம்பட்டினத்தில் தூண்டில் போடுகிற பையன்களிடம் கொடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைச் சீவி உள்ளே வைத்துத் தூண்டில் முள்ளைக் குத்தி வைத்துக்கொள்வார்கள். சட்டைப் பையில் முள்ளைப் போட்டுக்கொண்டு திரிவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தண்ணீர் புகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரேஷன் கார்டு, பத்திரம் எதையும் இதில் வைத்து வெள்ளத்துக்குப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது என் கடையில் மூடியிருந்த டிவிடி பெட்டிகளுக்குள் எல்லாம் தண்ணீர் நின்றது.

இப்போது கண்ணாடி சிடி டப்பா. இது பாலிஸ்டைரீன், பார்க்கப் பளபளப்பு, விழுந்தால் தெறிக்கும். மூடியைக் கீலில் பிடிக்கிற இரண்டு காது, சிடியைப் பிடிக்கிற நடுத்தட்டின் பல், இந்த இரண்டும்தான் முதலில் போகும். உங்கள் ஆல்பத்துக்குப் போகாத சிடி ஏதும் டப்பாவிலேயே இருந்தால், காது உடைந்ததிலிருந்து தட்டையும் பல் போனதிலிருந்து மூடியையும் எடுத்து நல்லதாக ஒன்று சேர்த்துவிடலாம். 1982இல் சிடி விற்பனைக்கு வந்த நாள் தொட்டு இதன் அளவு பெரிதாக மாறவில்லை. அதனால் ஒரு கம்பெனி மூடி இன்னொரு கம்பெனி அடிக்குப் பெரும்பாலும் பொருந்தும். உதிரிக்கென்று நல்லதாகப் பார்த்து ஒரு பெட்டி எடுத்து வைத்துவிடுங்கள். புது டப்பா இனி கடையில் கிடைப்பது கஷ்டம்.

மூடியைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால் சாய்ந்து நிற்கும். 12 செ.மீ. சதுரத்தில் தாள் வெட்டி வைத்தால் ஒவ்வொரு மேசைக்கும் ஓர் அறிவிப்புப் பலகை. "இந்த வாரம் வந்த புத்தகம்" என்று மாற்றி மாற்றி வைக்கலாம். கேசட் டப்பாவையும் முழுக்கத் திறந்து பின்னால் மடக்குங்கள், கேசட் செருகுகிற பை போன்ற பகுதியில் செல்போன் நிற்கும். பாடக் காணொளி பார்க்கிற பிள்ளைகள் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துக் கீழே தள்ளுவதை நான் பல நூலகங்களில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டிக்கர் எடுக்கிற விஷயம் முக்கியம். வெயிலில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் பாதி தானாக உரியும். டிவிடி பெட்டியில் மிஞ்சுகிற பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவுங்கள். சிடி டப்பாவுக்கு எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் மயிரிழை விரிசல் விடும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் எதுவும் அதன் பக்கத்திலேயே போகக்கூடாது, பட்ட இடம் கரைந்து வெள்ளையாகிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான் அதற்கு மருந்து.

---

வண்டிப்பாளையம் மீனா

தண்டு வைத்த உருளை டப்பாவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! வளையல் அடுக்க அதைவிட நல்லது கிடையாது. தண்டில் வரிசையாகப் போட்டு மூடியைத் திருகினால் கடற்காற்றில் கறுக்கிற கவரிங் வளையல்கூட நாள்படப் பளபளப்பாக இருக்கிறது. எங்கள் மகளிர் குழுவில் தையல் நூல்கண்டு, லேஸ் சுருள் எல்லாம் இதில்தான். கொலுவுக்குக் கேசட் டப்பாவும் சிடி டப்பாவும் எனக்கு வேண்டும். சின்னப் பொம்மைகளை உயர்த்தி வைக்கப் படியாகவும், பார்க்கில் குளமாகவும் வைப்பேன். கொலு முடிந்ததும் அப்படியே அட்டைப்பெட்டியில் போய்விடும், அடுத்த நவராத்திரிக்கும் அதே டப்பாதான்.

---

பழைய தாள் (புதுச்சேரி)

புதுச்சேரியில் பழைய ஆவணங்கள், புகைப்படங்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். மேலே சொன்னவை எல்லாம் நல்ல யோசனைகள். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: அந்தப் பிரெஞ்சுப் பாட ஆல்பங்கள்.

புத்தகம் போலத் திறக்கிற, தொட்டால் மெத்தென்றும் லேசாகப் பிசுபிசுப்பாகவும் இருக்கிற, ஒரு மாதிரி வாசம் வருகிற ஆல்பம் என்றால் அது பெரும்பாலும் பி.வி.சி.தான். மென்மைக்காக அதில் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாள்பட வெளியே கசியும். ஜெராக்ஸ் தாளைப் பழைய பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு வருமே, எல்லோர் வீட்டிலும் நடந்திருக்கும். அதுதான் காரணம். புகைப்படத்தை இதில் வைத்தால் சில வருடங்களில் படத்தின் மேல்தோல் ஆல்பத்தோடு போய்விடும். ஆகவே போட்டோ, சான்றிதழ், கையெழுத்துப் பிரதி எதுவும் அதற்குள் வேண்டாம். டிவிடி பெட்டியும் அதன் மேலுறையும் பாலிபுரொப்பிலீன் என்பதால் தாளுக்குத் தொல்லை தராது. அஞ்சலட்டை, பழைய நூலக உறுப்பினர் அட்டை, சிறு புகைப்படம் போன்றவற்றைக் கழுவி நன்றாகக் காயவைத்த டிவிடி பெட்டியில் தாராளமாக வைக்கலாம்.

எரிப்பதைப் பற்றி நீங்கள் பயப்படுவது முழுக்க நியாயம். பாலிஸ்டைரீன் எரிந்தால் கரும்புகை. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது மூச்சுக்குழாயை அரிக்கிற அமில வாயு. டையாக்ஸின் என்ற நச்சும் உண்டாகும். ஆஸ்துமாக்காரர் இருக்கிற தெருவில் அது எரியவே கூடாது.

எது எந்த பிளாஸ்டிக் என்று சந்தேகமா? உள்பக்கத்தில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 3 பி.வி.சி., 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். எண் இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் போதும். உடைந்த துண்டுகளைப் போட்டு, ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழிகளை விரலால் தேய்த்துவிடுங்கள். மிதப்பது பாலிபுரொப்பிலீன், அது தண்ணீரைவிட லேசு. மூழ்கியவற்றை இன்னொரு வாளிக்கு மாற்றி, லிட்டருக்கு 150 கிராம் கணக்கில் மரக்காணம் கல்லுப்பைக் கரைத்துப் பாருங்கள். பாலிஸ்டைரீன் மேலே வரும், பி.வி.சி. அடியிலேயே கிடக்கும். பிள்ளைகளுக்கு அடர்த்திப் பாடமும் ஆயிற்று.

கண்ணாடி சிடி டப்பாவை மாடித்தோட்டத்துக்கும் வயலுக்கும் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் மஞ்சளடித்து நொறுங்கித் துகளாகும், மண்ணிலிருந்து பொறுக்கவே முடியாது. டீச்சர் சொன்ன முளைப்பு சோதனை வராந்தா நிழலோடு இருக்கட்டும்.

---

கெடிலக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

கேசட்காரர் ஐயா சொன்ன அலமாரிக் காட்டியைத்தான் முதலில் செய்தோம். கல்லூரிப் பிள்ளைகள் தாளை அச்சடித்து வெட்டிக் கொடுத்தார்கள். முதல் நாளே ஒரு மாற்றம் தெரிந்தது. இதுவரை "மேடம், அறிவியல் எங்கே?" என்று கேட்கிறவர்கள் எல்லாம் நேராகப் போய் எடுக்கிறார்கள். போட்டித் தேர்வுப் பெட்டிக்குள் சீட்டு எழுதிப் போட்டதில், நான் பெயரே கேள்விப்படாத நடப்புச் செய்தி இதழ் ஒன்றை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் வரவழைக்கக் கமிட்டியிடம் சொல்லியாயிற்று. காலிப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்ன அதே கமிட்டித் தலைவர் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

வாளிச் சோதனையைச் சனிக்கிழமை வராந்தாவில் செய்தோம். உப்பு கரையக் கரையச் சிடி டப்பாத் துண்டு தரையிலிருந்து தயங்கித் தயங்கிக் கிளம்பி மேலே வந்தது. "அக்கா, கடல்ல போட்டா இது மிதக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. வெள்ளிக்கடற்கரையிலிருந்து ஒரு பாட்டில் கடல்நீர் கொண்டுவந்து போட்டுப் பார்த்தோம், மூழ்கிவிட்டது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்தான் உப்பு, அது போதவில்லை. டப்பா கடலுக்குப் போனால் அடியில் போய்க் கிடக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

டீச்சர் சொன்னபடி பயறும் போட்டிருக்கிறார்கள். திருப்பி வைக்கிற நாளுக்காகக் காத்திருக்கிறோம். மீனா, உங்களுக்கு இரண்டு பை எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்தகப் பின்னட்டையிலிருந்து பிய்த்த மெல்லிய உறைகளுக்கு நானே ஒரு வழி கண்டேன். நுனி கிழியாமல் இருந்தவற்றைக் குழந்தைகள் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் இரண்டு பக்க டேப்பால் ஒட்டி, இரவல் சீட்டு வைக்கும் பையாக மாற்றினேன். தாள் பை ஒரு வருடம் வந்தால் பெரிது, சிறுசுகள் இழுத்துக் கிழித்துவிடும். இது கிழியவில்லை.

இப்போது மிச்சம் இரண்டு. பி.வி.சி. ஆல்பங்கள், அப்புறம் காதும் மூடியும் உடைந்து எதற்கும் ஆகாத சிடி டப்பாத் துண்டுகள். பழைய பேப்பர் கடையில் கேட்டால் "கலந்து கொண்டுவராதீங்க" என்கிறார். எப்படிக் கொடுப்பது?

---

ஓ.டி. கேசட்காரர்

அவர் சொல்வது சரிதான் அம்மா. கலந்த பிளாஸ்டிக்கை உருக்கினால் எதற்கும் ஆகாது, அதனால் அவருக்கு விலை கிடையாது. டிவிடி பெட்டி தனிச் சாக்கு, கண்ணாடி டப்பா தனிச் சாக்கு. தாள், ஸ்டிக்கர், உலோகக் கிளிப் எல்லாம் எடுத்துவிட வேண்டும். துண்டை இன்னும் நொறுக்காதீர்கள், தூளானால் சாக்கிலிருந்து சிந்தும், கையையும் வெட்டும். சாக்கின் மேல் 5, 6 என்று மார்க்கரால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கொஞ்சமாக இருந்தால் வாங்க மாட்டார், அதனால் பக்கத்துப் பள்ளி, கல்லூரி நூலகங்களிலும் கேட்டுச் சேர்த்து ஒரே தடவையாகக் கொடுங்கள். அங்கேயும் இதே பெட்டிகள் மூலையில் கிடக்கும்.

நல்ல நிலையில் இருக்கிற கேசட் டப்பாக்களைச் சாக்கில் போட்டுவிடாதீர்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பொருள் விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேசட்டை டப்பா இல்லாமல் வைத்திருக்கிற சேகரிப்பாளர்கள் தேடுவார்கள்.

ஆல்பத்துக்கு என் யோசனை: வெட்டவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். அது தடித்தது, தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம். உங்கள் பைண்டிங் சாமான்களுக்கு வையுங்கள். ஊசி, மெழுகு நூல், தாள் மடிக்கிற எலும்புத் தகடு, கத்தி என்று கேசட் இருந்த ஆறு பள்ளத்திலும் பிரித்து அடுக்கி, முதுகில் "பைண்டிங்" என்று எழுதி அலமாரியில் நிறுத்திவிடுங்கள். தாள் மட்டும் அதில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிழிந்த புத்தகம் தைக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், திங்கட்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.